நசீமின் முகத்தைப் பற்றிப் பம்பாய்க்கு

தருமபுரி,
5-9-1974

அன்பு மகள் அக்தர் பேகத்துக்கு உன் அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் குழந்தையும் ஆண்டவன் காவலில் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி தானாக வந்து விழப் பார்த்தது. இத்தனை வருடம் அச்சகம் நடத்தியவனுக்குச் சில வரிகள் கோத்தபடியே கைக்குள் கிடக்கும். இந்த முறை அதைப் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளதை எழுதுகிறேன். எனக்கு நலம். உன் அம்மா சாப்பிடுகிறாள், சாப்பிட்டோம் என்பது அவளுக்குத் தெரிவதில்லை. உன் தங்கை நசீமுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, முகம்தான் இன்னும் தெளியவில்லை.

உன் கடிதம் போன மாதத் தொடக்கத்திலேயே கிடைத்தது. அதில் பாதி அந்தப் பம்பாய் டாக்டர், பாதி மன்னிப்பு. மன்னிப்புப் பகுதியை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளும் அதையேதான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒரே புலம்பலை இரண்டு ஊரிலிருந்து கேட்க என்னால் முடியாது. ரம்ஜான் பிறப்பதற்குள் நசீமை அழைத்து வந்தால் டாக்டர் மேல்தோலைச் சீவி எடுத்துவிடுவார், உள்ளேயிருந்து புதுத் தோல் வரும், பக்ரீதுக்குள் முகம் பழையபடி ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். இதற்கு உடனே பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. முகம் நசீமுடையது, பதிலும் அவளிடமிருந்துதான் வர வேண்டும் என்று காத்திருந்தேன். அது வந்துவிட்டது, கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் கல்யாணத்தில் நடந்ததை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நீ ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருப்பாய், அதில் பாதிப் பேர் அன்றைக்கு பிரியாணிப் பந்தியில் இருந்தவர்கள்.

மாப்பிள்ளை சர்தாரின் தாயார் அஸ்கரி பேகம் கிருஷ்ணகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தபோது நசீமை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தாங்க இருக்கா, நிறம்தான் ஒரு மாத்து கம்மி. பரவால்லீங்க, மஞ்சாவுல உக்காந்து எந்திரிச்சா தெளிஞ்சிடும்" என்று சொன்னார். நகைக்கடையில் சொல்வது போல அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், அன்றைக்கு மாலையே மறந்தும் இருப்பார். உன் அம்மா மறக்கவில்லை. ஒரு மாத்து, ஒரு மாத்து என்று உலையில் அரிசி போடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் நம் தெருக்காரர் ஒருவர் பம்பாயிலிருந்து வந்தார், அவர் கையில் நீ கொடுத்தனுப்பிய நீல மூடி போட்ட வெளிநாட்டுக் கிரீம் டப்பாவும் வந்தது. எப்படிப் பூச வேண்டும் என்று நேரில் வந்து சொல்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். மே மாதத்தில் நாடு முழுவதும் ரயில் நின்றுபோனது. அரசாங்கமும் தொழிலாளர்களும் மோதிக்கொண்டதில் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அக்காள்காரி வர முடியாமல் போனது. அது இரண்டு தரப்புக்கும் தெரியாது, தெரிந்தாலும் பேச்சுவார்த்தையில் அதற்கு இடம் இருந்திருக்காது.

மஞ்சா முறை உனக்குத் தெரியாததல்ல, உனக்கும் செய்ததுதான். மஞ்சள் துணி உடுத்தி, மஞ்சளும் கடலை மாவும் பூசி, முகத்தை மூடி, கல்யாணம் வரைக்கும் பெண்ணை ஓர் அறையில் உட்கார வைப்பது. ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. பெண் வாய் திறக்காமல் இருக்க இருக்க அவளுக்கு நல்ல பெயர். இதெல்லாம் காலம் காலமாக யாருக்கும் கெடுதல் செய்யாத ஏற்பாடு, அதற்குள் டப்பாவை நுழைத்தது நாம்தான். டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் இருந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொல்லியிருக்கிறாள்: ராத்திரியில் மெல்லிசாகத் தடவி வந்தால் ஆறு வாரத்தில் பலன் தெரியும். உன் அம்மாவிடம் இருந்தது ஐந்து நாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. ஆறு வாரத்துக்கான மருந்தை ஐந்து நாளில் அடக்கினால் போயிற்று என்று முழு டப்பாவையும் வழித்து மஞ்சளோடும் கடலை மாவோடும் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து பிசைந்து, அதைக் கனமாக அப்பி, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டாள். முதல் நாளே நசீம், "எரியுதும்மா" என்றாளாம். சுற்றியிருந்த பெண்கள், "எரிஞ்சாத்தான்டி புடிக்குதுன்னு அர்த்தம், பல்லக் கடிச்சிக்கோ, வெள்ளிக்கெழம நீ ராணியாட்டம் இருப்ப" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு அடக்கமான பெண் என்று பேசிக்கொண்டார்களாம். மஞ்சளுக்கு அடியில் தோல் சிவந்தது தெரியவில்லை. துணிக்கு அடியில் வீங்கியது தெரியவில்லை. கண்ணீர் மட்டும் தெரிந்திருக்கிறது, அதைப் பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று எண்ணி மற்றவர்களும் கூட உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் முன்கட்டில் கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணக் காலையில் குளிப்பாட்டித் துடைத்தபோது மஞ்சளோடு தோலும் உரிந்து வந்தது. கொட்டகையில் ஆட்கள் வந்துவிட்டார்கள், காஜியார் வந்துவிட்டார், சம்மதம் கேட்க நிக்காஹ் வக்கீலும் சாட்சிகளும் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளேயிருந்து அவள் சொன்ன சம்மதம் யாரோ வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போலக் கேட்டது. வெட்கம் என்றார்கள். சாயங்காலம் ஜல்வா. சிவப்புத் துணிக்கு அடியில் இருவரையும் உட்கார வைத்து நடுவில் குர்ஆனையும் கண்ணாடியையும் வைத்து, மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை முதல் தடவையாகக் கண்ணாடியில் பார்க்கும் நேரம். வெளியே பெண்கள் வழக்கம் போல, "என்னங்க தெரியுது, நெலாவா சூரியனா" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே சர்தார் வெகுநேரம் கண்ணாடியையே பார்த்தானாம். அப்புறம் மெதுவாக, "எரியுதா?" என்று கேட்டானாம். அவன் நசீமிடம் பேசிய முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் இன்றுவரை அதுதான். துணியை விலக்கியதும் அஸ்கரி பேகம் பார்த்தார், எல்லோரும் பார்த்தார்கள். சத்தம் ஒன்றும் போடவில்லை, மரியாதையான குடும்பம். "மொகம் தெளியட்டுங்க, தெளிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். சர்தாரும் ஏறிக்கொண்டான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கேட்கத் தெரிந்த பையன்தான், நிற்கத்தான் தெரியவில்லை.

புண் ஆறியது. ஆறிய இடமெல்லாம் கறுத்துப்போனது. இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மை கொட்டிய காகிதம் மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது. உன் அம்மா வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் எடுத்து மறைத்துவிட்டாள், நான் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்து க்ஷவரம் செய்துகொண்டு கன்னத்தில் கீறிக்கொள்கிறேன். குழம்பில் மஞ்சள் போடுவதையும் நிறுத்திவிட்டாள், அந்தப் பொடியைக் கையால் தொட முடியவில்லை என்கிறாள். இவ்வளவு பாடுபட்டதில் இந்த வீட்டில் வெளுத்தது குழம்பு ஒன்றுதான். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது புர்கா போட மாட்டேன் என்று என்னோடு சண்டை போட்ட பெண், ஆகஸ்ட் வரைக்கும் அதை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. நானும் சொல்லவில்லை. எதைச் சொல்லிக் கழற்றச் சொல்வது.

இந்த நிலைமையில்தான் உன் கடிதத்தோடு நீ அனுப்பிய படங்கள் வந்தன. ஆபரேஷனுக்கு முன், பின் என்று இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், அல்லது ஒரே பெண். அம்மா அக்தர், நான் படம் அச்சடிக்கிறவன். முன் படத்தில் விளக்கு பக்கவாட்டில் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு தழும்புக் குழிக்கும் நிழல் விழுகிறது. பின் படத்தில் விளக்கு நேர் எதிரில் இருக்கிறது, உதட்டில் சாயம் இருக்கிறது, அந்த அம்மாள் சிரிக்கவும் செய்கிறாள். கத்தி செய்த வேலை எவ்வளவு, விளக்கு செய்த வேலை எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உன் டாக்டர் கெட்டிக்காரர் இல்லை என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொல்கிறேன். தெரியாததை வைத்து ஒரு தடவை முகத்தில் பூசியாகிவிட்டது.

அதனால் நசீமையும் காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு சேலம் போனேன். அங்கே தோல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் சகாயமேரி என்று ஒரு அம்மாள், நடு வயது, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். காத்திருந்த இடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் சித்தேரி மலையிலிருந்து வந்த கருப்பி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அடுப்புத் தீ சேலையில் பிடித்து, தாடை நெஞ்சோடு ஒட்டிப்போய், வருடக்கணக்காகத் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தவளாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து நிமிர்த்தி விட்டிருக்கிறார்கள். கேட்காமலே தலையை அண்ணாந்து காட்டி, "பாரு பாப்பா, மேல காத்தாடி சுத்துறது தெரியுது எனக்கு" என்றாள். அப்புறம் நசீமிடம், "உனக்கு எது ஒட்டிக்கிச்சு?" என்று கேட்டாள். நசீம் முகத்திரைக்குள்ளிருந்து, "ஒண்ணும் ஒட்டலைங்க, மொகம் கறுத்துருச்சு" என்றாள். "கறுத்துருச்சா? நான் பொறக்கறப்பவே அப்படித்தான்" என்றாள் கருப்பி. மே மாதத்துக்குப் பிறகு உன் தங்கை சிரித்த சத்தத்தை அங்கேதான் கேட்டேன். உள்ளே போவதற்கு முன் திரையைத் தூக்கி விட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடியில் இருந்த பொடி எழுத்தை எனக்குக் காட்டினார். அதில் பாதரசம் இருக்கிறதாம். "தெர்மாமீட்டர்ல இருக்க வேண்டியதுங்க இது, மொகத்துக்கு எதுக்கு?" என்றார். அழகு என்ற சொல் டப்பாவின் முன்னால் பெரிய எழுத்தில், பாதரசம் அடியில் எறும்பு சைஸில். தொழில் தெரிந்த அச்சுக்காரன் செய்த வேலை. அது உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று சோதனைக்கு எழுதிக் கொடுத்தார், ஆண்டவன் கிருபை, கெடவில்லை. பம்பாய் ஆபரேஷனைப் பற்றி நான் பேச ஆரம்பித்தேன். அவர் என்னை நிறுத்திவிட்டு நசீமைப் பார்த்து, "நீ கேளும்மா. இது உன் மொகம், உங்கப்பா மொகம் இல்ல" என்றார். எனக்குச் சற்று வருத்தம்தான், ஆனால் சரியாகத்தான் சொன்னார். நசீம், "சீவுனா சரியாயிடுமாங்க?" என்று கேட்டாள். "ஆகலாம், ஆகாமலும் போகலாம். அம்மைத் தழும்புக் குழிக்கு அதுல ஓரளவு பலன் உண்டு. உனக்கு இருக்கறது குழி இல்ல, கறுப்பு. நம்ம நிறத்துத் தோலு காயம் பட்டா கறுக்கும், அதான் அதோட பழக்கம். ஒரு காயத்தாலதான் இது கறுத்துச்சு. அதை எடுக்க மொகம் பூரா இன்னொரு காயம் பண்ணப் போறாங்க. அது மட்டும் கறுக்காதுன்னு யாரு எழுதித் தருவாங்க?" என்றார். நசீம், "அப்ப வெளியில இருக்கற அக்காவுக்கு மட்டும் பண்ணியிருக்காங்களே" என்றாள். "அவளுக்குக் கழுத்து திரும்பல, வாய் தொறந்து சோறு திங்க முடியல. அதுக்குக் கத்தி வேணும். உனக்கு வேண்டியது நாளு" என்றார்.

ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகுமாம், கறுப்பு பெரும்பாலும் தானே மங்குமாம், முழுக்கப் போகும் என்று அவர் சொல்லவில்லை. உச்சி வெயிலில் போகக்கூடாது, போனால் குடை. எலுமிச்சை, மஞ்சள், காரச் சோப்பு எதுவும் படக்கூடாது. ராத்திரியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். இதற்கு மேல் மருந்து எழுதித் தர மறுத்துவிட்டார். ஒன்றும் எழுதித் தராத டாக்டரிடம் இவ்வளவு தூரம் போனீர்களா என்று உன் அம்மா கேட்டாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகும் மனதுக்கு உறுத்தினால் அப்போது பம்பாய் டாக்டரைப் பார், ஆனால் நம் நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்தார், செய்து இரண்டு வருடம் ஆன ஒருத்தியைக் கண்ணால் காட்டுவாரா, கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு பார் என்று சொல்லி அனுப்பினார். இதை நீயும் மனதில் வைத்துக்கொள். படத்தைக் காட்டுகிறவரிடம் ஆளைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் அஸ்கரி பேகம் ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார், பார்த்துவிட்டு பக்ரீதுக்குப் பிறகு வருவதா வேண்டாமா என்று சொல்கிறோம் என்று. ஸ்டுடியோ குப்புராஜை வீட்டுக்கு வரவழைத்து இரண்டு படம் எடுக்கச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், நாம் கேட்கவே இல்லை, "கவலைப்படாதீங்க பாய், பிலிம்ல பென்சில் தொட்டுட்டா பாப்பா மொகம் பளிங்காட்டம் ஆயிடும்" என்று ஒன்றைத் தொட்டுக் கொண்டுவந்தார். உன் பம்பாய் டாக்டர் பொறாமைப்படுவார், ரத்தம் இல்லை, வலி இல்லை, ஒரு திட்டு இல்லை. உன் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நசீம் வாங்கிப் பார்த்தாள். "நல்லா இருக்காங்கப்பா. இவங்களையே கிருஷ்ணகிரிக்கு அனுப்பிடுங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். பிறகு தொடாத இன்னொரு படத்தைக் கேட்டு வாங்கி அவளே உறையில் போட்டு ஒட்டினாள். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஒட்டியது நான் இல்லை என்றாலும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பதில்: இன்னும் கொஞ்சம் தெளியட்டும். படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அது நல்ல அறிகுறி என்கிறாள் உன் அம்மா. அது அங்கே யாருடைய பெட்டியில் இருக்கிறது என்று தெரியாமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

பதில் வந்த அன்று நசீமும் அதைப் படித்தாள். மறுநாள் காலையில் அரிசிப் பானைக்குப் பின்னால் உன் அம்மா துணி சுற்றி வைத்திருந்த ஜல்வாக் கண்ணாடியைத் தானே தேடி எடுத்து, வாசல் வெளிச்சத்தில் நின்று வெகுநேரம் பார்த்தாள். உன் அம்மா போய்ப் பிடுங்கப் பார்த்தாள். "விடும்மா, அந்தூட்டு ஆளுங்க பாத்தாச்சு, சேலத்துல பாத்தாச்சு, குப்புராஜ் அண்ணன் பாத்தாச்சு. நான் மட்டும்தான் பாக்கல" என்றாள். இப்போது தினமும் பார்க்கிறாள். கேட்டால், "இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு" என்கிறாள். அழுகிற நாளும் உண்டு, இல்லை என்று நான் எழுதமாட்டேன்.

பகலில் அச்சகத்துக்கு வந்து ப்ரூஃப் பார்க்கிறாள். இண்டூர் பச்சியப்பன், அந்த மேனித் தைலக்காரர், போன வாரம் நோட்டீஸ் அடிக்க வந்தார். ஏழே நாளில் எலுமிச்சை நிறம், டாக்டர்கள் சிபாரிசு என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். நசீம் தலையை நிமிர்த்தி, முகத்தை மறைக்காமல், "யார் மொகத்துலங்க ஏழு நாள்ல வந்துச்சு? எந்த டாக்டருங்க?" என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், "பாப்பா, இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நோட்டீஸ் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து அச்சகத்தில் அடித்து ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. அச்சு நம்மைவிட நன்றாகவே வந்திருக்கிறது.

வேறு சேதி அதிகம் இல்லை. மழை இரண்டு தடவை பெய்தது, பின்கட்டு ஓடு மாற்றியும் அதே இடத்தில் ஒழுகுகிறது. உன் மகனுக்குப் பல் முளைத்ததைக் கேட்டு உன் அம்மா ஒரு பொழுது முழுக்க நல்லவளாக இருந்தாள்.

இனி நசீமின் பதில். ஆபரேஷன் இப்போது வேண்டாமாம். ஒன்றரை வருடம் கழித்து வேண்டுமா என்று அப்போது யோசிப்பாளாம், அப்போதும் கிருஷ்ணகிரிக்காக இல்லையாம். பக்ரீதுக்குப் பிறகு அவர்கள் வந்தால் என்ன முகம் இருக்கிறதோ அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறாள். வராமல் போனால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் மூன்று பேரும் இந்த வீட்டில் நடந்துகொண்டிருக்கிறோம். உனக்கு அவள் சொல்லச் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "டாக்டருக்கு வெச்சிருக்கற காசுல அக்தர் ஆபாவை டிக்கெட் எடுத்துட்டு வரச் சொல்லுங்கப்பா. என் மொகத்தப் பாக்க பயந்துக்கிட்டுத்தான் அவங்க வரலைன்னு எனக்குத் தெரியும். நானே பாத்துட்டேன், அவங்களுக்கு என்ன? வர்றப்ப மட்டும் எதுவும் வாங்கிட்டு வரக் கூடாது."

ஆண்டவன் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல தூக்கத்தையும் கொடுப்பானாக. மருமகனுக்கு என் சலாம், பேரனுக்கு முத்தம். உன் அலமாரியில் அதே டப்பா இன்னொன்று இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல கிரீம், வீணாக்க வேண்டாம் என்று வேலைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிடாதே, அவளுக்கும் முகம் ஒன்றுதான். யாரும் எடுக்க முடியாதபடி ஒழித்துவிடு. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: இப்போது ரயில்கள் ஓடுகின்றன.

உன்னை எதிர்பார்க்கும்
அப்பா,
அப்துல் ரஷீத்